மருந்து வைத்த பன்

எங்கள் சின்ன மாமா ஒரு பொய்யர். இருபத்து மூன்று வருடமாக ஒரே பொய்யை எல்லாக் கல்யாணங்களிலும் சொல்லி வருகிறார். பதினோரு வயதில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த நல்ல வாடகை வீடு எங்கள் கையை விட்டுப் போயிருக்காது என்பதுதான் அந்தப் பொய். அவர் வைத்த 'ஓட்டவாய்' என்ற பெயரை இப்போது என் புகுந்த வீட்டு ஆட்களும் சொல்கிறார்கள்.

அந்த வீட்டை நினைத்தால் எனக்கு மூக்கில் ஏறுவது கற்பூரமும் இல்லை, மல்லியும் இல்லை. தோசைக்கல்லில் உருகும் பன்றிக்கொழுப்பின் வாசனைதான். ஆனால் பன்றிக்கறி என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். 'மருந்து' என்போம். அது மூலத்துக்கு நல்லது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூலம் கிடையாது. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, மாமா, நான், தம்பி என்று ஐந்து பேரும் தவறாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டோம். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் காலையில் மட்டும் விற்பார்கள். மாமா அதைத் தேக்கிலையில் கட்டி, பைக்குள் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவருவார். காரணம், கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர். மாடியை எங்களுக்கு வாடகைக்கு விடும்போதே அவர், "மட்டன், சிக்கன்லாம் செஞ்சுக்கங்க. மத்தது மட்டும் கூடாது" என்று சொல்லியிருந்தார். அவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை.

மாமா அப்போது செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சாப்பிட வரும் ஒரு சைவ ஓட்டலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்புப் பக்கம் போனால் மாஸ்டர் விரட்டுவாராம். ஒரு நாள் யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து மடித்துக் கொண்டுவந்தார். அதில் பன்றிக்கறி பர்கர் செய்முறை இருந்தது, பெரிய படத்தோடு. அதைச் செய்து காட்டித் தானும் ஒரு மாஸ்டர்தான் என்று எங்களிடமாவது நிரூபிக்க வேண்டும் என்று அவருக்கு வெறி. இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் வரியிலேயே 'கிரவுண்ட் போர்க்' என்று இருந்தது. கிரவுண்ட் என்றால் தரை; எங்கள் பள்ளியில் கபடி ஆடும் இடத்துக்கும் அதுதான் பெயர். 'தரைப் பன்றி' என்று சொல்லிவிட்டேன். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, கொட்டகைக்குள் வளரும் வெள்ளைப் பன்றி உதவாது, தரையில் திரியும் நாட்டுப் பன்றிதான் வேண்டும் என்று முடிவு செய்து, அதைத் தேடி சைக்கிளில் கீழ்பென்னாத்தூர் வரை போய்வந்தார். அரைத்த கறி என்றுதான் அதற்குப் பொருள் என்று எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. அந்தத் தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் என் ஒருத்திக்குத்தான் உண்டு.

அரைக்கச் சொல்லவில்லை என்று நினைத்ததால் மாமா கறியைத் துண்டு துண்டாகவே போட்டு உருட்டிப் பார்த்தார். தோசைக்கல்லில் போட்டதும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் ஓடியது. அம்மா கரண்டியைப் பிடுங்கி, "தள்ளுடா, நீ வெங்காயம் உரி" என்றார். வீட்டிலும் அவருக்கு அதே உத்தியோகம்தான். அம்மா கறியைக் கொத்தி, அம்மியில் வைத்து ஓட்டி, பொட்டுக்கடலை மாவும் சோம்பும் பச்சைமிளகாயும் சேர்த்து, கோலா உருண்டைக்குப் பிசைவதுபோல் பிசைந்து வடையாகத் தட்டிப் போட்டார். மாமா பேக்கரியில் வாங்கி வந்திருந்த பன்னில் சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி இருந்தது. அதை எடுத்துப்போடக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. அப்படியே பிளந்து, முட்டைக்கோஸும் வெங்காயமும் சாஸும் வைத்துச் சாப்பிட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ருசியை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

வாசனை கீழே இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று ஓனர் மாடிக்கு வந்துவிட்டார். அம்மா பதறிப்போய் மட்டன் வடை என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். மாமாதான் ஒரு தட்டில் பர்கரை வைத்து, "சாப்ட்டுப் பாருங்க சார், என் கைப்பக்குவம்" என்று நீட்டினார். ஓனர் நின்றபடியே இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதைத் தன் மனைவிக்கென்று கையில் எடுத்துப் போனார். வெள்ளிக்கிழமை விரதம் தவறாத அந்த அம்மாளும் நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் குழாயடியில் அந்த அம்மாள் என்னை நிறுத்தி, அது என்ன கறி என்று கேட்டார். நான் மட்டன் என்றேன். நிஜமாவா என்று மறுபடியும் கேட்டார். எதிரே மலை நின்றுகொண்டிருந்தது. அந்த மலையைப் பார்த்துக்கொண்டே, "மட்டன்தான் ஆன்ட்டி, நான்தான் கூடப் போய் வாங்கியாந்தேன்" என்று இரண்டாவது தரமும் பொய் சொன்னேன். நான் பேசியது இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மாமா வேலையிலிருந்து வரும்போது ஓனர் வாசல் கேட் அருகே நின்றிருந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் வயிறு சுத்தமாகிவிட்டது, உடம்பே லேசாக இருக்கிறது என்று ஓனர் சந்தோஷமாகச் சொன்னார். பாராட்டு கிடைத்த பெருமையில் மாமா, "மருந்தாச்சே சார், கேக்காம இருக்குமா?" என்றார்.

ஓனர் கடகடவென்று சிரித்தார். மாமாவின் தோளிலும் தட்டினார். அப்போதுதான் கதவுக்குப் பின்னால் பூக்கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி வெளியே வந்தார்.

"மருந்துன்னா இன்னா?"

அந்த அம்மாள் மாமாவைப் பார்க்கவே இல்லை, புருஷனைத்தான் பார்த்தார். "அவன் சொன்னான், சரி. உங்களுக்கு எப்படிங்க அது புரிஞ்சுது? இன்னாத்துக்கு சிரிச்சீங்க?"

ஓனர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. கோபப்பட்டார். ஒரு மாதத்தில் காலி செய்யுங்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பாவம், அவரும் எத்தனை வருடமாக எந்த ஏரிக்கரையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

அப்பா அன்று பஸ் டூட்டியில் இருந்தார். அவர் வந்ததும், குழாயடியில் நான் உளறிவிட்டேன் என்று மாமா சொன்னார். எப்போதும் லொடலொடவென்று பேசுகிறவள் என்பதால் அப்பா நம்பிவிட்டார். ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேங்கிக்கால் பக்கம் கிடைத்த வீட்டிலிருந்து பள்ளிக்கு தினமும் நடந்தேன். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. கடைசிவரை அவருக்கு உண்மை தெரியாது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். ஓனரும் இல்லை, அந்தக் குழாயடியும் இல்லை. மாமா இப்போது சொந்தமாக சுத்த சைவ மெஸ் நடத்துகிறார். நெற்றி நிறைய விபூதி, பௌர்ணமி தவறாமல் கிரிவலம். போன மாதம் ஒரு விசேஷத்திலும், "இவ வாயாலதான் வீடு போச்சு" என்று என் மாமியார் எதிரிலேயே சொன்னார். அப்படி என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டதும், பாயசம் பரிமாறப் போய்விட்டார்.

வருகிற தை மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். மாமா, தாய்மாமன் என்று மேடையில் நீங்கள்தான் நிற்பீர்கள். மைக் இருக்கும், இரண்டு பக்கத்துச் சொந்தமும் இருக்கும். அந்த மைக்கைப் பிடித்து, அன்று வாசல் கேட் அருகே 'மருந்து' என்ற வார்த்தையைச் சொன்னது யார் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தாலியை எடுத்துக் கொடுங்கள்.