விரத நாளில் ராக் கச்சேரி

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். நன்றாக எழுதக்கூடியவர்கள் இத்தனை பேர் இருக்க, நானும் பேனாவைப் பிடித்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல எனக்கு வராது.

எண்பதுகளில் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இரண்டு முறை கரு தங்காமல் போய், மனைவி மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்து, மாலை போட்டிருந்தேன். கவிச்சி இல்லை, சவரம் இல்லை, பாயில்தான் படுக்கை. மது ஒரு சொட்டு உள்ளே போனாலும் விரதம் கெட்டது.

அந்தச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் மாமியார் வீட்டில் இருந்தோம். மனைவியின் தம்பி வந்து நின்றான்.

“மாமா, கூட்டாளி கழுத்தறுத்துட்டான். ராக் கச்சேரி டிக்கெட் சும்மா கெடக்கு. வாங்க லா!”

“நான் மாலை போட்டிருக்கேன்பா.”

“பாட்டு கேட்டா விரதம் கெடுமா? இந்தத் தாடிக்கு உங்களையே மேடையில ஏத்திடுவானுங்க!”

மனைவி சிரித்துவிட்டாள். மாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் அறிவித்த அதே பெரிய ஸ்டேடியத்தில் கச்சேரி. வெயில் இறங்காத நேரம். மைத்துனன் என்னைத் திடலுக்குள் இழுத்துப் போனான். கிதார் முழங்கியதும் பின்னாலிருந்து ஒரே தள்ளு. இரண்டு கையும் விலாவோடு ஒட்டிக்கொண்டன. திரும்ப முடியவில்லை, குனிய முடியவில்லை. மூச்சுக்கே மேலே பார்க்க வேண்டியிருந்தது. தொண்டை வறண்டு இருமினேன்.

பக்கத்தில் முடி வளர்த்த ஒரு பையன், ஸ்ட்ரா செருகிய பிளாஸ்டிக் பையை என் உதட்டருகே நீட்டினான். “மினும், பாங்!” என்று குடிக்கச் சொன்னான். கடையில் கட்டித் தரும் பாலில்லாத தேநீர் மாதிரியே இருந்தது. உறிஞ்சினேன். பீர்.

வாய் நிறைய பீர். விழுங்கக் கூடாது. துப்பினால் முன்னால் நிற்பவன் முதுகில்தான். பாட்டு முடிந்தால் கூட்டம் தளரும் என்று கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன். அது முடிகிற பாட்டாக இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்ன மாமா, அழறீங்க? அவ்வளவு புடிச்சிருக்கா?” என்று மைத்துனன் கத்தினான்.

கடைசியில் தாடையைச் சட்டைக் காலருக்குள் நுழைத்து, வாயைத் திறந்துவிட்டேன். மார்பில் கிடந்த மாலை மேல் சில்லென்று வழிந்தது.

வீட்டு வாசலிலேயே மனைவிக்கு வாடை தெரிந்துவிட்டது. அவள் கை தன் வயிற்றுக்குப் போனது.

“குடிச்சீங்களா?”

“வாயில வச்சிருந்தேன். முழுங்கல.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு பாட்டு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை கோயில் பூசாரியிடம் நடந்ததைச் சொன்னேன். விழுங்காதவரை பாதகமில்லை என்று மாலையை மஞ்சள் நீரில் கழுவி மறுபடி என் கழுத்தில் போட்டுவிட்டார். மதியம் பஸ் ஏறிக் கிள்ளான் திரும்பினோம்.