டெய்சி அக்காவின் கல்லில் ஒரு வார்த்தை

டெய்சி அக்கா போயிட்டாங்க.

நேத்து மத்தியானம் அடக்கம். நின்னவங்க பதினோரு பேர். மகன் ஆல்பர்ட், மருமகள், பேத்திங்க ரெண்டு பேர், அக்காவோட தம்பி தேவசகாயம் அண்ணன், ஃபாதர், குழி வெட்டின ரெண்டு பேர், தையல்கடை சபியா, என் வீட்டுக்காரர், நான். பந்தலூர்ல அப்படி ஒரு மழைங்க... இல்லேன்னா ரோடு கொள்ளாத கூட்டம் வந்திருக்கும்.

தாலுக்கா ஆபீஸ் ரோட்டுல மனு டைப் அடிக்கிற டெய்சி அக்காவைத் தெரியாதவங்க இந்தப் பக்கம் இருக்க மாட்டாங்க. பட்டா, ரேஷன் கார்டு, எஸ்டேட் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது... எல்லா மனுவும் அவங்க கைதான்.

இங்கிலீஷ்ல அடிச்சு முடிச்சதும் அதைத் தமிழ்ல படிச்சுக் காட்டாம கையெழுத்துப் போட விட மாட்டாங்க. "என்னா கேக்குறேன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேளு"ன்னு சொல்லுவாங்க.

குழி மூடினப்புறம் ஆல்பர்ட் எங்கிட்ட வந்தான். "ஆன்ட்டி, கல்லறைக் கல்லுல அம்மா பேருக்குக் கீழ இங்கிலீஷ்ல ஒரு வரி போடணும். நீங்க ரெண்டு பேருந்தான சேர்ந்து படிச்சீங்க... நீங்களே சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. "ஷீ வாஸ் கைண்ட்"னு சொன்னேன்.

தேவசகாயம் அண்ணன் எஸ்டேட் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். உடனே, "அது மேலதிகாரிக்குப் போடுற வார்த்தைம்மா. அக்கா கல்லறைய தாலுக்கா ஆபீஸ் ஆக்கிடாத"ன்னுட்டார். ஆல்பர்ட் பாவம், ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தான்.

அண்ணனைக் குத்தம் சொல்லலைங்க. டெய்சி அக்காவே ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சிருந்தாங்க, எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

நான் எட்டாவதோட நின்னவ. கல்யாணமாகி மேட்டுப்பாளையத்துல இருந்து இங்க வந்தப்புறம்தான் இங்கிலீஷ் ஆசை. அக்காவுக்கு டைப் அடிக்கத் தெரியும், ஆனா அப்பல்லாம் பாதி வார்த்தைக்குச் சரியான அர்த்தம் தெரியாது. அதனால வாரம் ஒரு வார்த்தைன்னு வெச்சுக்கிட்டோம். அந்த வார்த்தையை நிஜமா ஒரு ஆள்கிட்ட சொல்லியாகணும், அப்பத்தான் அது படிச்ச கணக்கு. யாரு, எந்த வார்த்தை, யார்கிட்டன்னு நோட்டுல எழுதி வெப்பேன்.

கைண்ட் வந்த வாரம், "ஏனுங்கக்கா, எல்லா மனுவுலயும் 'யுவர் கைண்ட் அட்டென்ஷன்'னு போடறீங்களே, அப்படின்னா என்னங்க?"ன்னு கேட்டேன்.

"மேல இருக்கவங்களுக்குப் போடுறது புள்ள. கலெக்டரு, தாசில்தாரு, பெரிய துரை. நமக்கெல்லாம் கிடையாது."

நானும் அப்படியே எழுதிக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சு எல்லாருக்கும் மேல இருக்கறது ஒருத்தர்தான். மறுநாள் விளக்கேத்தி, "கைண்ட் முருகா"ன்னு கும்பிட்டேன். இதைச் சொன்னதும் அக்கா கீபோர்டு மேலயே சாஞ்சு சிரிச்சாங்க.

"ஒங்க முருகனும் மனு வாங்குவாரா?"

"அவர்கிட்டதானுங்கக்கா என் மனு நெறைய நிலுவையில கெடக்குது."

அதே வாரம்தான் அந்த வெளிநாட்டுக்காரம்மா வந்தாங்க. நாடுகாணித் தோட்டம் பார்க்க வந்து, பஸ்ஸை விட்டுட்டு, தெப்பலா நனைஞ்சு அக்காவோட டைப்பிங் கடை வாசல்ல நின்னுட்டிருந்தாங்க.

அக்கா உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு, தலை துவட்டத் துண்டு குடுத்து, ஃப்ளாஸ்க்ல இருந்த டீயை ஊத்திக் குடுத்தாங்க. அடுத்த பஸ் வந்ததும் தன்னோட குடையையும் கையில திணிச்சுட்டாங்க.

அந்தம்மா அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு, "யூ ஆர் வெரி கைண்ட்"னாங்க.

அக்கா சட்டுனு பின்னால திரும்பிப் பார்த்தாங்க... எந்த ஆபீசர் வந்து நிக்கிறாருன்னு.

பின்னால ஜெராக்ஸ் மெஷின்தான் இருந்துச்சு.

பஸ் போனப்புறம், "கொடி, அது யார சொல்லுச்சு?"ன்னு அக்கா என்னைக் கேட்டாங்க.

"உங்களத்தானுங்க."

"நான் என்னா தாசில்தாரா?"

என் பொண்ணோட டிக்‌ஷனரியை எடுத்து ரெண்டு பேரும் பார்த்தோம். அடுத்தவங்க கஷ்டம் பார்த்து உதவுற மனசு உள்ளவங்கன்னு போட்டிருந்துச்சு. மிருகங்கள்கிட்ட கைண்டா இருன்னு ஒரு வாக்கியம். நீ வந்தது ரொம்ப கைண்ட்னு இன்னொண்ணு. பெரியவங்க, சின்னவங்கன்னு ஒரு எழுத்து இல்லை.

அக்கா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "இத்தன வருசமா தப்பான ஆளுங்களுக்கு டைப் அடிச்சிருக்கேன் புள்ள."

"அப்ப இனி போட மாட்டீங்களா?"

"போடாட்டி மனுவ வாங்க மாட்டான்."

மறுபடியும் சிரிப்பு. பக்கத்துக் கடையில சபியா தையல் மெஷினை நிறுத்திட்டு எட்டிப் பார்த்தா.

போன வாரம் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அக்கா ரொம்ப இளைச்சுப் போயிருந்தாங்க. அந்த நிலைமையிலயும், பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு டிஸ்சார்ஜ் சீட்டைப் படிச்சு அர்த்தம் சொல்லிட்டிருந்தாங்க.

நோட்டுல கைண்ட் வரியில என் பக்கம் இன்னும் காலிதான். முருகன்கிட்ட சொன்னது செல்லாதுன்னு அக்கா அப்பவே கோடு போட்டு அடிச்சுட்டாங்க, ஆள்கிட்டதான் சொல்லணுமாம். அன்னைக்குக் கட்டில் பக்கத்துல நின்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு...

"மாத்திரை போட்டீங்களாக்கா"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

போயிட்டு வாங்கக்கா. உங்க கர்த்தர்கிட்டயும் எங்க முருகன்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

தேவசகாயம் அண்ணன் ஒரே பேச்சா சொல்லிட்டார். "நீ ஒருத்தி சொன்னா பத்தாதும்மா. அக்காகிட்ட மனு அடிச்சவங்க சொல்லட்டும், நான் கேட்டுக்குறேன்." கல்லு வெட்டுறவருக்கு சனிக்கிழமை காலையில வார்த்தையைக் குடுத்தாகணும்.

பந்தலூர், நெல்லியாளம், நாடுகாணி... எங்க இருந்தாலும் சரிங்க. அந்த வார்த்தையைப் போடலாமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கீழ கமெண்ட்ல எழுதுங்க.