மூன்றாம் வெட்டு

பரானா ஆற்றங்கரையில் மீன்பிடிக்க வருபவர்களுக்கு விடுதி நடத்தும் டெல்ஃபினாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும், "வீட்டையே தூக்கி வெச்ச பொம்பளை" என்பார்கள். அது பொய்யில்லை.

இருபது வயதில் அங்கே சமையலுக்கு வந்தவள், முதலாளியின் மூத்த மகனைக் கட்டிக்கொண்டாள். மாமனார் கட்டிய விடுதி அது. ஆறு அறை, மரத்தூண்கள்மேல் நிற்கும் பலகை வீடு. ஒவ்வொரு பெரிய வெள்ளத்திலும் அவர் படியோரத் தூணில், தண்ணீர் நின்ற இடத்தில், கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். மூன்றாம் வெட்டுதான் வீட்டின் சட்டம். தண்ணீர் அதைத் தொட்டால் ஊருக்குப் போகும் மண்சாலை மூழ்கத் தொடங்கும். அதற்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். சாலையோரத்துச் சிவப்புக் கொடிக் கோயிலின் கீழ்ப்படியும் அந்த வெட்டும் ஒரே மட்டம் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

தொண்ணூற்றெட்டாம் வருட வெள்ளம் அறைகளுக்குள் புகுந்தது. மாமனார் அதற்கு முன்பே இறந்திருந்தார். வெள்ளம் வடிந்த சில மாதங்களில் கணவனும் காய்ச்சலில் போனான். விற்றுவிடு என்றார்கள். டெல்ஃபினா ஜாக்கிகளை வாடகைக்கு எடுத்து, கொழுந்தன் சிரிலோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தூண்களோடு வீட்டை இரண்டு சாண் தூக்கி, அடியில் சிமென்ட் கட்டைகள் வைத்தாள். சாண் போட்டு அளந்தது சிரிலோவின் கை. அதற்குப் பிறகு பதினாறு வருடம் பெரிய வெள்ளம் இல்லை. மாலைதோறும் விருந்தினர்களிடம் தூணைக் காட்டி அவள் கதை சொல்வாள். அவர்கள் படம் பிடித்துக்கொள்வார்கள்.

பதினேழாம் வருடம் மழை நிற்கவில்லை. மகள் நொயேலியா நிறைமாதமாக இருந்தாள். மருமகன் சரக்குக் கப்பலில் வேலை. குழந்தையின் கால் கீழே இருக்கிறது, வலி வருவதற்கு முன்பே வந்துவிடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை விருந்தினர்களோடு ஜீப்பில் அனுப்புவதாக ஏற்பாடு. அன்று புதன்.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடலாமா?" என்றாள் டெல்ஃபினா.

சிரிலோ தூணைப் பார்த்து, குவளையில் குளிர்ந்துபோன மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சினான். "அண்ணி, மூணாம் வெட்டுக்கு இன்னும் ரெண்டு சாண் இருக்கு. நீங்க மூட்டையக் கட்டினா மீன்பிடிக்க வந்திருக்கிற பெரிய மனுஷங்க ஆறு பேரும் அடுத்த நிமிஷமே ஓடிடுவாங்க. சீசனே போயிடும்."

"அம்மாவுக்கு என்னைத் துரத்தணும், அவ்வளவுதான்," என்று நொயேலியா ஊஞ்சலிலிருந்து சிரித்தாள். "நான் ரெண்டாள் சாப்பாடு சாப்பிடறேன்ல!"

டெல்ஃபினாவும் சிரித்தாள். வெட்டு இருக்கும்போது பயமெதற்கு?

அப்போதுதான் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கால்வரை சேறு.

"நாளையிலேர்ந்து ரொட்டி கிடையாது, டெல்ஃபினா. கோயில்ல சாமிக்கே கால் நனைஞ்சிடுச்சு. கீழ்ப்படி முங்கிடுச்சு."

"கீழ்ப்படியா? நல்லாப் பாத்தியா?"

"செருப்பு போச்சு அங்கதான். பாக்காம இருப்பேனா?"

அவள் தூணைப் பார்த்தாள். படி மூழ்கியிருந்தால் தண்ணீர் மூன்றாம் வெட்டில் நிற்க வேண்டும். இங்கேயோ இரண்டு சாண் கீழே நிற்கிறது. இரண்டு சாண். அவள் பார்வை தூணின் அடிக்கு, சிமென்ட் கட்டை இருக்கும் இடத்துக்குப் போனது. கட்டை கலங்கல் நீருக்குள் கிடந்தது.

"சிரிலோ, டிராக்டரை எடு."

"அண்ணி, வெட்டு..."

"வெட்டு பொய் சொல்லுதுடா! வீட்டைத் தூக்கினப்போ தூணும் சேந்துதானே மேல வந்துச்சு? வெட்டும் அதோட ஏறிடுச்சு. ரோடு ஏறலையே!"

சிரிலோ மாத்தேக் குவளையைக் கீழே வைத்தான். "நானும்தானே அளந்தேன்," என்றான் மெதுவாக.

விருந்தினர்களிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர்கள் திட்டியதை நின்று கேட்டாள். டிராக்டரின் பின்வண்டியில் மெத்தைமேல் நொயேலியா, சுற்றிலும் ஆறு பேர். பள்ளத்தில் தண்ணீர் சக்கரத்தின் அச்சைத் தாண்டியது. என்ஜின் ஒருமுறை திணறியது. "அம்மா, கைய விடாத," என்றாள் நொயேலியா. இப்போது சிரிப்பு இல்லை. டிராக்டர் மேட்டில் ஏறிவிட்டது. மறுநாள் அந்த இடத்தில் படகுகூட இழுப்புக்கு நிற்கவில்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை விடியலில் வலி வந்தது. அறுவை செய்து ஆண் குழந்தையை எடுத்தார்கள். எல்லோரும் டெல்ஃபினாவின் சமயோசிதத்தைப் புகழ்ந்தார்கள். ரொட்டிக்காரரின் செருப்பு போகாமல் இருந்திருந்தால்? அந்தப் புகழ்ச்சியை அவளால் ஏற்க முடியவில்லை. பதினாறு வருடம் எத்தனை பேரிடம் அந்தத் தூணைக் காட்டியிருப்பாள்!

வெள்ளம் வடிய இரண்டு மாதம் ஆனது. திரும்பி வந்ததும், சுவரில் படிந்த சேற்றைக்கூடக் கழுவாமல் அவள் உளியோடு தூணருகே உட்கார்ந்தாள்.

"வேணாம் அண்ணி. அது எங்க அப்பா கை."

"கை அவரோடது. வீட்டைத் தூக்கினது நான். ரெண்டு சாண் கீழ இந்த வெட்டை மறுபடி போடணும்." அவள் மூன்றாம் வெட்டில் கட்டைவிரலை வைத்துக் கீழ்நோக்கிச் சாண் போட்டுப் பார்த்தாள். சாண் சிறியது. "என் கை பத்தாது. அன்னைக்கு அளந்தது உன் கைதானே. வா."

சிரிலோ குனிந்து, மூன்றாம் வெட்டிலிருந்து கீழ்நோக்கி விரல்களை விரித்துத் தூணில் வைத்தான்.