சுவரில் ஏறிய விரல்கள்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, எனக்கு இப்படி முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் சத்தம் போட்டுத்தான் பழக்கம். ஆனாலும் அவர் என் கையைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு என் வலது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். அன்று என் வீட்டுக்காரர் தாவீது, சபையார் முன்னால் முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை செய்தார். "ஆண்டவரே, ரேச்சல் உசுரோட வந்தா, அவள இனிமே ஒரு வேலையும் செய்ய விடமாட்டேன்."

நான் பிழைத்து வந்தேன். மனுஷர் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிவிட்டு வந்து, தண்ணீர் பிடிப்பார், சமைப்பார், எனக்குத் தலையும் வாரிவிடுவார். வகிடு ஒரு நாளும் நேராக இருந்ததில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸம்மா, ஏதோ கைப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். நாங்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. லயத்து வரிசை வீட்டுப் பெண்களும், "கையத் தூக்காத, தையல் பிரிஞ்சிடும்" என்று பயமுறுத்தினார்கள். ஒரு பழைய சாரோங் துணியால் வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார் என் வீட்டுக்காரர். அன்பினால்தான் கட்டினார்.

புண் ஆறியது. கட்டு அவிழ்ந்தது. ஆனால் கை தோளுக்கு மேல் போகவில்லை. ஆராதனையில் எல்லாரும் இரண்டு கைகளையும் உயர்த்தும்போது நான் ஒற்றைக் கையோடு நின்றேன். எல்லாரும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. ஜெபக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆண்டவர் மேல் எனக்குக் கோபம். ஆம், கோபம்தான்.

பிறகு அந்தக் கை வீங்க ஆரம்பித்தது. வளையல் கழற்ற வரவில்லை. நான் நினைத்ததையே அவரும் நினைத்தார். அடுப்பில் சோறு தீய்ந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

"ரேச்சலு, திரும்ப வந்திருச்சா?"

"தெரியலங்க."

எங்கள் மகளுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, கொடுத்த உயிரைப் பிடுங்காதேயும். இந்தக் கையையும் கொடும். இந்தப் பிள்ளைக்குச் சடை பின்னவாவது கொடும்." வேறு வார்த்தை வரவில்லை.

மறுபடி பரிசோதனை. முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நோய் திரும்பவில்லை என்று தெரிந்தபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த சீன மிஸ்ஸி என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யார் இதை இப்படிச் சும்மா போட்டு வைத்தது என்று மலாயில் கேட்டார்.

"நான்தான் மிஸ்ஸி" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அழுது நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

என்னைப் போன்ற பெண்களைக் கூட்டி, சனிக்கிழமை காலைகளில் புக்கிட் பெலிம்பிங் மண்டபத்தில் அந்த மிஸ்ஸியே பயிற்சி கொடுத்துவந்தார். என்னையும் வரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

"ஆண்டவருகிட்ட குடுத்த வாக்குல்ல. மீறினா உன்ன எடுத்துக்குவாரோன்னு பயமா இருக்கு."

"நீங்க கேட்டது என் உசுர. குடுத்துட்டாரு. அத கட்டி வைக்கச் சொன்னது அவரு இல்லீங்க."

அவர் வெள்ளிக்கிழமை முழுதும் உபவாசமிருந்தார். சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்து வாசலில் நிறுத்தி, "ஏறு" என்றார். என் ஜெபத்துக்குப் பதில் அந்த ஒரு வார்த்தையில் வந்தது.

மண்டபத்தில் சுவரைப் பார்த்து நிற்போம். விரல்களை நண்டு ஊர்வதுபோலச் சுவரில் மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவோம். வலியில் கண் இருட்டும். பக்கத்தில் சுங்கை புரோங் நெல்வயல்காரி ரொகாயா நிற்பார். "பெலான்-பெலான்" என்பார், மெதுவாக, மெதுவாக என்று. அவருடைய கோடு எங்கள் எல்லாருக்கும் மேலே இருந்தது.

ஒரு சனிக்கிழமை ரொகாயா வரவில்லை. நோய் எலும்புக்குப் போய்விட்டது. பார்க்கப் போனோம். படுத்தபடியே, "உன் கோடு எங்கே வந்திருக்கு?" என்றுதான் கேட்டார். அந்த அறுவடைக்குள் போய்விட்டார்.

ஆண்டவர் ரொகாயாவை ஏன் எடுத்துக்கொண்டார், என்னை ஏன் வைத்திருக்கிறார்? எனக்குத் தெரியாது. எங்காவது வலித்தால் இன்றும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். சாட்சி சொல்ல வந்தவள் பயமே இல்லை என்று பொய் சொல்லக்கூடாது.

ஆனால் சுவருக்குப் போவதை நான் விடவில்லை. ஒருநாள் என் விரல் ரொகாயாவின் கோட்டைத் தொட்டது. அதற்கு மேல் ஏற்ற அன்று மனம் வரவில்லை. நெற்றியைச் சுவரில் வைத்து அழுதேன்.

மறுநாள் ஞாயிறு. மகளுக்கு நானே இரட்டைச் சடை பின்னி ஜெபக்கூடத்துக்குக் கூட்டிவந்தேன். பாட்டு தொடங்கியதும் என் இரண்டு கைகளும் மேலே போயின. என் வீட்டுக்காரரால்தான் அன்று கையை உயர்த்த முடியவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இந்த வியாதியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆண்டவரிடம் அழுங்கள். அழுதுவிட்டு எழுந்து சனிக்கிழமை என்னோடு வாருங்கள். ரொகாயாவின் கோட்டை நாங்கள் அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் சுவரில் இன்னும் இடமிருக்கிறது.