பாலத்துக்குப் பிள்ளை

மலைமேல், சோளக்காடு என்ற ஊருக்கு அப்பால், ஓர் ஓடையின் குறுக்கே கல்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் அங்கே ஓவர்சியர். வெள்ளைக்காரன் காலம். பாலம் நிலைக்க அஸ்திவாரக் குழியில் ஒரு பிள்ளையைப் பலி கொடுப்பார்கள் என்று அந்த மலையின் குண்டூர் நாட்டு ஊர்களில் பேச்சு கிளம்பி, வேலை நின்றுபோயிற்று. மலைக்காரர்கள் யாரும் கூலிக்கு வரவில்லை. அடிவாரத்து ஆட்கள் தங்கியிருந்த கொட்டகை மேல் கல் விழுந்தது.

சேலத்தில் இருந்த என்னை அழைத்துப்போக அவரே வந்தார்.

"நீயும் பாப்பாவும் பாலத்துப் பக்கத்துலயே வந்து இருந்தா அவங்க பயம் தெளிஞ்சிரும். சொந்தப் புள்ளைய இங்க வெச்சிருக்கறவன் ஊரான் புள்ளைய என்ன செஞ்சிருவான்னு நினைப்பாங்க."

"கல்லெறியற இடத்துக்கா?" என்றேன். அவர் என் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அப்போதுதான் நடை பழகியிருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

எங்கள் குடிசையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குழி. ஆடுமாடுகளும் பிள்ளைகளும் தவறி விழுந்துவிடக் கூடாதென்று அதைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தட்டி கட்டியிருந்தார்கள். அந்த வழியாகப் போகும் பெண்கள் என் மகளைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ முணுமுணுப்பார்கள். எதிர்க்கரையில் ஆடு மேய்க்க வரும் ஒருத்தி மட்டும் நின்று பார்ப்பாள். பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கல்லைவிட அவளைக் கண்டுதான் எனக்கு நடுக்கம்.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சி வடித்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் விளையாடிய மகளைக் காணோம். ஓடையைப் பார்க்கவில்லை, நேரே குழிக்குத்தான் ஓடினேன். அந்தப் பேச்சு என்னையும் பிடித்திருந்தது. குழி வெறுமனே கிடந்தது.

"மலைக்காரங்கதான் தூக்கிட்டாங்க!" என்று கூலியாட்கள் கடப்பாரையை எடுத்தார்கள். என் கணவர் குறுக்கே நின்றார்.

"இதோட போனா புள்ள திரும்பி வராது. கீழ போடுங்க!"

நாங்கள் இருவர் மட்டும் வெறுங்கையோடு ஊருக்குள் போனோம். அந்த ஆடு மேய்ப்பவள்தான், தன் வீட்டு வாசலில் என் மகளை மடியில் வைத்துச் சாமைச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க, நீங்க பெத்தவதானுங்களே? எங்க புள்ளைங்க சிக்கலைன்னு இவரு சொந்தப் புள்ளையவே குழிக்குக் கொண்டாந்துட்டாரு. உங்களுக்குத் தெரியலீங்களா?"

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "குழிய எட்டிப் பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எப்படீங்க பாக்கறது? அதான் மறைச்சுக் கட்டியிருக்கீங்களே."

"காலைல எல்லாரும் வாங்க. தட்டியப் பிரிச்சிடறேன். கல்லு வைக்கறத நின்னு பாருங்க."

"பாக்கறோமுங்க. அதுவரைக்கும் புள்ள இங்கயே இருக்கட்டும்."

மகளை விட்டுவிட்டு நான் வரமாட்டேன் என்றேன். அவள் எனக்கும் பாய் போட்டாள். குழந்தைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இருவரும் கண்ணை மூடவில்லை.

காலையில் ஊரே ஓடைக்கு வந்தது. சில ஆண்கள் குழிக்குள் இறங்கி மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். தங்கள் சாமிக்கு ஒரு சேவலை அறுக்க வேண்டுமென்றார்கள், அவர் சரியென்றார். அவர்கள் கண்ணெதிரே முதல் கல் இறங்கிய பிறகுதான் என் மகளை அவள் என் இடுப்பில் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க," என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். தட்டிக்குப் பதில் கயிறு கட்டி, அந்த ஊர்க்காரர் ஒருவரையே காவலுக்கு வைத்தார் என் கணவர். எதற்கும் சமாதானமாகாமல் பாலம் முடியும்வரை அந்தப் பக்கமே வராதவர்களும் உண்டு.

நானும் அங்கே இருக்கவில்லை. முதல் கல் இறங்கிய மறுநாளே சேலத்துக்குப் போகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை; அடிவாரம் வரை மகளைத் தானே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.