பூக்கட்டிப் பார்க்க வேண்டாம்

எழுமலை அழகம்மாளுக்கு யாரையும் லேசில் நம்பிவிட முடியாது. முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். அவித்த முட்டையை ஆயா எண்ணி வைத்தால், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இவர் இன்னொரு தடவை எண்ணுவார். அப்பேர்ப்பட்டவர் போன பங்குனியில் வாய் கோணி, பேச்சு நின்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அரை நாள் கிடந்தார்.

பேச்சுதான் போனதே தவிர காது நன்றாகக் கேட்டது. அவசரமாக ஓர் ஊசி போட வேண்டும், சம்மதமா என்று டாக்டர் கேட்க, மகன் ஜெயபாண்டி கதவுக்கு வெளியே விசும்பிக்கொண்டு, தன் சித்தப்பா மருதுவிடம் சொன்னான்.

"பூக்கட்டிப் பாத்துருவமா சித்தப்பா?"

உள்ளே கிடந்த அழகம்மாளுக்கு அது காதில் விழுந்தது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் அது சரி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் பேயாண்டிக்கு மூளையில் ரத்தம் கட்டியபோதும் இதே வீட்டார் அதைத்தான் செய்தார்கள். ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. குலசாமி கோயிலில் வெள்ளை வந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு கோயிலுக்குப் போனால் சிவப்பு. இப்படியே இரண்டு நாள் ஓடிவிட்டது. பிறகு ஆபரேசன் நடந்து, யாரையும் அடையாளம் தெரியாமல் பதினான்கு மாதம் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கு எதிர்த்துப் பேசியவள் ஒருத்திதான். மருதுவின் மனைவி முனீஸ்வரி.

"சாமி என்ன ஸ்கேனா பாத்துச்சு? கையெழுத்தப் போடுங்க!"

அத்தனை பேர் முன்னாலும் அழகம்மாள் அவளைக் கேட்டார்: "கெடக்கிறது உன் புருசனா? வெளிய போடி."

அதோடு முனீஸ்வரி இந்த வீட்டில் கை நனைக்கவில்லை. மருது மட்டும் வந்து போவார்.

பங்குனி கண்டம் எப்படியோ தப்பியது. டாக்டர் அதட்டிய அதட்டலில் ஜெயபாண்டி கையெழுத்துப் போட்டான். பேச்சு திரும்பிய பதினைந்தாம் நாள் அழகம்மாள் உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறி, வக்கீல் தமிழ்வாணியைப் பார்த்தார். நினைவு தப்பினால் தனக்காக முடிவு சொல்ல ஓர் ஆளை இப்போதே எழுதி வைக்கலாம் என்று தெரிந்துகொண்டார்.

"யாரு பேரும்மா? மகன்தானே?" என்றார் வக்கீல்.

"கேட்டுட்டு வந்து சொல்றேன்."

முனீஸ்வரி வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அழகம்மாள் நின்றபடியே வந்த விஷயத்தைச் சொன்னார்.

"பெத்த மகன் இருக்கயில நானா? ஊரு சிரிக்கும்க்கா."

"அவன் அழுவான். நீ கேள்வி கேப்ப."

"கெடக்கிறது உன் புருசனான்னு அன்னைக்குக் கேட்டீகளே?"

"கேட்டேன். தப்புதான் முனீசு. உன் பேச்சக் கேட்டிருந்தா அந்த மனுசன் எந்திரிச்சு நடந்திருப்பாரோ என்னமோ. ஒம்பது வருசமா அதுதான் நெஞ்ச அறுக்குது."

அழகம்மாள் அழுதுவிட்டார். முனீஸ்வரி சமாதானமெல்லாம் சொல்லவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. எம்புட்டு தூரம் வைத்தியம் பாக்கணும், எப்பப் போதும்னு சொல்லணும்? இப்பவே சொல்லிருங்க. நானா எதையும் முடிவு பண்ண மாட்டேன்."

அழகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"உன்னையத் திட்டுற அளவுக்காச்சும் நெனவு திரும்பும்னா வைத்தியம் பாரு. இல்லேன்னு டாக்டரு சொல்லிட்டா வீட்டுக்குக் கூட்டியாந்துரு."

ஜெயபாண்டி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் தானே வந்து, "இன்னொரு தடவ அந்தக் கையெழுத்தப் போட என்னால ஆகாதும்மா. சித்தியே இருக்கட்டும்" என்றான். அம்மாவுக்கு அவன் மேல் பாவமாக இருந்தது.

பத்திரத்தை முடித்துக்கொண்டு திரும்பிய அன்று எல்லோருக்கும் அழகம்மாள் வீட்டில்தான் சாப்பாடு. ஒன்பது வருடம் கழித்து முனீஸ்வரி அந்த வீட்டு இலையில் உட்கார்ந்தாள். பரிமாறிய அழகம்மாள் வழக்கம்போல, குழம்பு எப்படி என்று கேட்டார்.

"அருமைம்மா" என்றான் ஜெயபாண்டி. மருதுவும் தலையை ஆட்டினார்.

"உப்பு கூடக்கா" என்றாள் முனீஸ்வரி.

அழகம்மாள் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கூடத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே அவள் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.