மலைமேல் டூட்டி பஸ்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். மகன் சரவணனுக்குத் துபாய் ஜெபல் அலியில் வேலை; தினமும் கம்பெனியின் டூட்டி பஸ்ஸில்தான் போவான். அறுபத்தெட்டு வயதில் என்னையும் நேபாளத்துக்கு மலையேறக் கூட்டிப்போனான்! எனக்கு மட்டும் குதிரை. அங்கே டீயில் வெண்ணெயும் உப்பும் போடுகிறார்கள், அந்தக் கூத்து தனி.

லீவு ஏழே நாள். வழிகாட்டி தேவ் முன்பு ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் இருந்து தமிழ் பழகியவர். "இந்த உயரத்துக்கு உடம்பு பழகணும், இன்னிக்கு ரெஸ்ட் எடுங்க பாய்" என்றார்.

"யல்லா, யல்லா, போலாம்" என்று சரவணன் கிளம்பிவிட்டான்.

அடுத்த கிராமத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தவன், "சீக்கிரம் வாம்மா, டூட்டி பஸ் போயிடும்" என்றான்.

"டிரைவருக்குப் போன் போடுடா!" என்று நான், ஜோக் அடிக்கிறான் என்று நினைத்து, விழுந்து விழுந்து சிரித்தேன்.

தேவ் சிரிக்கவில்லை. அவனை எழுப்பி நடக்கவைத்தார். கால் பின்னியது.

"கலாஸ், போதும். உயரத்துல மூளை குழம்பிடுச்சு. உடனே கீழ இறங்கணும். இங்க தங்கினா உயிருக்கு ஆபத்து."

என் குதிரையில் அவனைப் பிடித்து உட்காரவைத்து இறக்கினோம். வழியெல்லாம், "பஸ் வந்துச்சாம்மா?" என்றே கேட்டான்.

வெகுதூரம் இறங்கியபின், "நீ ஏம்மா நடந்து வர்ற?" என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் அவன் ஜோக் அடித்தால் முதலில் முகத்தைப் பார்ப்பேன். அப்புறம்தான் சிரிப்பு.